பட்டாள லாரியின் நடு சீட்டு

சம்பளமில்லாத வேலைகள் எத்தனையோ உண்டு. அதில் மகா மோசமானது, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் நின்று சேதி சொல்கிற வேலை. நம்ம டீச்சர் அந்த உத்தியோகத்தில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வீட்டு முன்னறையில் நாலு மெஷினைப் போட்டுத் தையல் சொல்லிக் கொடுக்கிறவள். புருஷன் சின்னவர், போர்வெல் போடுகிறவர். எதிர் வீட்டில் புருஷனின் அண்ணன் பெரியவர், முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் குழாய்த் தண்ணீர், மின்சாரக் கம்பி, வாசலில் நிற்கும் வண்டி என்று தினம் ஒரு விவகாரம் இருக்குமே, அதற்கெல்லாம் தெருவைத் தாண்டுவது டீச்சரின் கால்கள்தான்.

டீச்சருக்கு ஒரு கைப்பழக்கம். துணியில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரி எடுத்து வெட்டிவிடுவாள். சேதியிலும் அப்படித்தான். "அவன் என்ன பெரிய துரையா? குழாயை மூடச் சொல்லு" என்று அந்த வீட்டில் கிளம்புகிற சேதி, இந்த வீட்டுக்குள் நுழையும்போது "முடிஞ்சா குழாயைக் கொஞ்சம் மூடிடச் சொன்னாருங்க" என்று ஆகியிருக்கும். இந்த 'முடிஞ்சா' அவளுடைய சொந்தச் சரக்கு. அது இல்லாவிட்டால் இந்த இரண்டு வீடும் என்றைக்கோ பற்றி எரிந்திருக்கும் என்பது அவள் கட்சி.

பற்ற வைத்ததே அந்த வார்த்தைதான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இனி நமக்கும் தெரியும். மாமியார் இறந்த அன்றைக்குப் பெரியவர் எங்கோ தூரத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு டிப்போவிலிருந்து போன் செய்தார். எடுத்தது டீச்சர். "நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுக்க வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லு. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கச் சொல்லு" என்றார். சின்னவரோ, அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு வாரம் லீவு போட்டு வந்து உட்காராத அண்ணன்மேல் கொதித்துக்கொண்டிருந்தார். அப்படியே போய்ச் சொன்னால், 'எனக்கு உத்தரவு போட அவன் யாரு' என்று வீம்புக்கே உடனே எடுத்துவிடுவார் என்று டீச்சர் பயந்தாள். "மாமா வந்துக்கிட்டிருக்காராம். முடிஞ்சா கொஞ்சம் பாக்கச் சொன்னாரு" என்றாள்.

முடியவில்லை. பெரியவர் வந்து சேர்ந்தபோது கட்டில் காலியாகக் கிடந்தது. காத்திருக்கச் சொல்லியும் காத்திருக்காத பாவி என்று அண்ணனும், பெற்ற தாய்க்கே 'முடிஞ்சா' என்று சொல்லி அனுப்பியவன் என்று தம்பியும் அன்றைக்கு வாயை மூடியவர்கள்தான். அதன் பிறகு டீச்சர் எத்தனையோ தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கனமாகிக்கொண்டே போனது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பட்டாளத்தார் கழித்துவிட்ட லாரி ஒன்றைச் சின்னவர் ஏலத்தில் எடுத்தார். துளை போடுகிற எந்திரத்தை அதன் முதுகில் ஏற்றினால் எந்தக் கரட்டிலும் ஏறலாம் என்பது அவர் கனவு. நாலு நாளைக்குள் வண்டியை எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து அவருடைய டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டான். குடும்பத்தில் கனரக வண்டி ஓட்ட லைசன்ஸ் வைத்திருக்கிற ஒரே ஆள் எதிர் வீட்டில் இருக்கிறார்.

டீச்சர் தெருவைத் தாண்டினாள். "மாமா, உங்களத்தான் கேக்கணும்னு அவரு சொன்னாரு" என்றாள். திரும்பி வந்து, "உங்க அண்ணனே வந்து ஓட்டித் தர்றேன்னு சொல்றாருங்க" என்றாள். இரண்டும் வடிகட்டின பொய். இரண்டு பேரும் சரி என்றார்கள்.

கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று இப்போது பார்ப்போம்.

முந்தின ராத்திரி பஸ் ஏறி அவர்கள் அந்தப் பட்டாளத்து யார்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை ஆறரை. பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டு, தம்பி கடைசி சீட்டு, டீச்சர் நடுவில்.

யார்டில் லாரிகள் வரிசை வரிசையாக நின்றன. சக்கரத்தின் பாதி வரைக்கும் புல். ஒவ்வொன்றின் கதவிலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு எண். இவர்களுடையது நாற்பத்தேழு. பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. பச்சைச் சாயம் தோல் உரிந்து, ஒரு கண்ணாடியில் கீறல் விழுந்து, முன்னால் கம்பி வடம் சுற்றிய உருளையோடு முறைத்துக்கொண்டு நின்றது. சின்னவர் அந்த உருளையைக் கையால் தடவிப் பார்த்தார். கல்யாணத்துக்குக்கூட அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்ததாக டீச்சருக்கு ஞாபகம் இல்லை.

பெரியவர் அந்தப் பக்கம் வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளோடு மடித்து வைத்த காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குனிந்து அடியில் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி ஏறினார். சாவி போடுகிற இடத்தைத் தேடினார். கிடையாது. ஒரு ஸ்விட்சைத் திருகி ஒரு பித்தானை அமுக்கினால் ஓடும் என்று யார்டில் பொறுப்பாக இருந்த ஸ்டோர்காரர் காட்டினார். "சாவியே இல்லாத வண்டியாம்மா, நல்ல கூத்து" என்று பெரியவர் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தும் நாளாகியிருந்தது.

இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். அது இரண்டு பேருக்கும் பொதுவான சந்தோஷம் என்பது டீச்சர் ஒருத்திக்குத்தான் தெரியும்.

காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டே ஸ்டோர்காரர் சின்னவரிடம் சொன்னார். "எட்டு வருஷம் நின்ன வண்டி. என்ஜின் தங்கம். ஆனா பிரேக் ரப்பரெல்லாம் ஊதியிருக்கும். மிதிச்சா பிடிக்கும், விட்டா சில சக்கரம் விடாது. தேய்ச்சுக்கிட்டே ஓடும், சூடேறும். சூடேறினா அந்தப் பழைய பிரேக் ஆயில் கொதிச்சுப் போயி, அப்புறம் மிதிச்சா ஒண்ணும் இருக்காது. மணிக்கு ஒரு தடவ நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்து நடுவுலயும் கைய வைங்க. கை வைக்க முடியலன்னா அங்கேயே நில்லுங்க, நகராதீங்க. வழியில மல இறக்கம் வேற இருக்கு."

சின்னவர் விவரமானவர். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, பத்தடி தள்ளி நின்ற அண்ணனிடம் நேராகப் போய்ச் சொல்லலாம் இல்லையா? அங்கேதான் இந்தக் குடும்பத்தின் வீம்பு நிற்கிறது. டீச்சரைக் கூப்பிட்டார்.

"அந்த டிரைவர்கிட்ட சொல்லு. மணிக்கு ஒரு தடவ நிறுத்தி, சக்கரத்து நடுவுல கைய வெச்சுப் பாக்கணும். சுட்டுச்சுன்னா வண்டிய எடுக்கக் கூடாது. பஸ் ஓட்டின பவுச எல்லாம் இதுல காட்டாம, சொன்னதச் செய்யச் சொல்லு."

டீச்சர் அந்தப் பத்தடியை நடந்தாள். நடக்கும்போதே கத்தரி வேலை செய்ய ஆரம்பித்தது. 'டிரைவர்' போயிற்று. 'பவுசு' போயிற்று. 'செய்யச் சொல்லு' போயிற்று. தேய்த்த காக்கிச் சட்டையோடு அந்த மனுஷன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் மிச்சமும் அவள் வாயில் குழைந்துவிட்டது.

"மாமா, பழைய வண்டியாம். முடிஞ்சா அப்பப்ப நிறுத்தி, சக்கரத்த ஒரு பார்வ பாத்துக்கலாம்னு சொல்றாரு."

"அதுக்கென்னம்மா, பாத்துக்கிட்டாப் போச்சு" என்றார் பெரியவர்.

முள்ளை எடுக்கப் போனவள் சதையையும் சேர்த்து எடுத்துவிட்டாள். அப்போது அது அவளுக்குத் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. போக வேண்டியது நானூறு கிலோமீட்டர். முக்கினாலும் முனகினாலும் ஐம்பதுக்கு மேல் ஓடாது. உள்ளே மூன்று பேர் உட்காரலாம். நடுவில் உட்காருகிறவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதோடு கியர் கம்பி அவள் முழங்காலுக்கு நேராக முளைத்திருந்தது. பெரியவர் இரண்டாவது கியருக்குப் போகும்போதெல்லாம் "காலம்மா" என்பார், டீச்சர் இரண்டு காலையும் புருஷன் பக்கம் தூக்கி வைத்துக்கொள்வாள்.

சத்தமோ சத்தம். பக்கத்தில் இருப்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் ஒரு வார்த்தை போய்ச் சேரும். ஆக, அண்ணனும் தம்பியும் பேசாமல் இருப்பதற்கு முதல் தடவையாக ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. ஒரு மணி நேரம் ஆகியும் வண்டி நிற்காததைச் சின்னவர் கவனித்தார், ஆனால் சொன்னதையே இரண்டாம் தடவை சொல்லி அனுப்ப அவருடைய வீம்பு விடவில்லை.

ஒன்றரை மணி நேரம் போன பிறகு பெரியவர் டீச்சர் பக்கம் சாய்ந்தார்.

"முதலாளிகிட்ட சொல்லும்மா. வண்டி ஒரு பக்கமா இழுக்குது. பிரேக்க விட்டப்புறமும் யாரோ பின்னாலேருந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது. ஏலத்துல எடுக்கறவன் தெரிஞ்ச ஆளு ஒருத்தனக் கூட்டிட்டுப் போயிருந்தா இந்தப் பாடு இல்லன்னு சொல்லு."

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். அவர் ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டிக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் இந்த வண்டியைப் பார்க்கிறார்களா என்று அவர் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று வருஷமாகத் தொட்டதெல்லாம் விளங்காமல் போன மனுஷன். இன்றைக்கு ஒரு நாளாவது இருக்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.

"என்ன சொல்றாரு?" என்று கத்தினார் சின்னவர்.

"வண்டி நல்லாப் போகுதாம். மெதுவாப் போனாப் போதுமாம்" என்று கத்தினாள் டீச்சர்.

சின்னவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து அவள் காதருகில் வந்து, "பரவால்ல, மனுஷனுக்கு இன்னும் கை இருக்கு" என்றார். இதைச் சொல்லி அனுப்பவில்லை. இதையல்லவா சொல்லி அனுப்ப வேண்டும் என்று டீச்சர் நினைத்தாள். கேட்காததைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மணிக்கு ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். பெரியவர் இறங்கி, வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காற்று சரியாக இருக்கிறதா என்று டயர்களைக் காலால் உதைத்துப் பார்த்தார். ஒரு பார்வை என்றால் ஒரு பார்வை. சின்னவர் கடைக்குள் இருந்தபடி கேட்டார்.

"சக்கரத்தப் பாத்தாரா?"

"பாத்தாருங்க."

அது பொய் இல்லை. பார்த்தார்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபோது மலை எதிரே வந்துவிட்டது. பாதி ஏற்றத்தில் டீச்சருக்கு ஒரு வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் முதலில் ஒரு வாசனை வருமே, கருகுவதற்கு முந்தின வாசனை, அது. தையல்காரி மூக்கு அதைத் தப்பவிடாது.

"ஏதோ தீயற மாதிரி இல்ல?" என்று புருஷன் காதில் கத்தினாள்.

"ஏத்தம்ல, என்ஜின் சூடு" என்றார் அவர்.

"மாமா, தீயற வாசன வருது" என்று இந்தப் பக்கம் கத்தினாள்.

"ஏத்தம்மா. உச்சிக்குப் போனா சரியாயிடும்" என்றார் இவர்.

ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னது அன்றைக்குத்தான். டீச்சரும் சமாதானமாகிவிட்டாள். இப்போது நினைத்தால் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

உச்சியில், 'இறக்கம் பதினோரு கிலோமீட்டர்' என்று பலகை நின்றது. பெரியவர் மூன்றாவது கியரில் இறக்கினார். மலையிறக்கம் அவருக்குப் புதிதல்ல. முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார், வண்டி அடங்கியது. இரண்டாவது வளைவில் கொஞ்சம் அதிகமாக மிதிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் அவர் கால் போய்த் தரையைத் தொட்டதை டீச்சர் பார்த்தாள்.

அவர் மறுபடி மிதித்தார். மறுபடி. கால் தண்ணீருக்குள் போவதுபோல் போய் வந்தது.

"பிரேக் இல்ல" என்றார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எப்படியோ அது இரண்டு பேருக்கும் கேட்டது.

வளைவு வந்தது. உடம்பு முழுவதையும் போட்டு அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். டீச்சர் புருஷன்மேல் போய் விழுந்தாள். அந்தப் பக்கக் கண்ணாடியில் பள்ளத்தாக்கு மட்டும் தெரிந்தது, கீழே ஒரு ஆறு கம்பி மாதிரி கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். காலடியில் எங்கோ கிறீச்சென்று சத்தம் வந்து, புகை வந்து, பிறகு அதுவும் போயிற்று.

"காலம்மா."

அவள் காலைத் தூக்கினாள். இரண்டாவது கியருக்குத் தள்ளினார். கரகரவென்று பல் கடித்தது, ஏறவில்லை. மறுபடி தள்ளினார். ஏறவில்லை. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. ஹாரனை அமுக்கினார், சளி பிடித்தவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம், அவள் மடியில் இருந்த பை, எல்லாம் டீச்சருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பஸ் ஒரு கை அகலத்தில் உரசாமல் போயிற்று.

அவளால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. பிடித்துக்கொள்ளக்கூட ஒன்றும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் காதில், அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், காலையில் புருஷன் சொன்னது ஒரு எழுத்துக் குறையாமல் கேட்டது. கைய வெச்சுப் பாக்கணும். சுட்டுச்சுன்னா வண்டிய எடுக்கக் கூடாது. அவள் வெட்டிப் போட்டதெல்லாம் இப்போது முழுசாக வந்து முன்னால் நின்றது. நான்தான், நான்தான் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை கியர் ஏறியது. என்ஜின் ஓலமிட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போதுமான அளவு குறையவில்லை. பெரியவர் வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து, பாறையில் உரசிக்கொண்டே இறக்கினார். பச்சைச் சாயம் பொறியாகப் பறந்தது. சின்னவர் டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றி, ரோட்டை வெறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஜல்லி" என்றார் திடீரென்று.

ரோடு போடுகிறவர்கள் மலையோரமாக ஒரு ஆள் உயரத்துக்கு ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்துட்டேன்டா. புடிச்சுக்க."

பெரியவர் ஒரு கையால் டீச்சரின் தோளைப் பின்னால் அழுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து புருஷனின் கையும் அதே நேரத்தில் குறுக்கே வந்தது. வண்டி ஜல்லிக்குள் முகத்தைக் கொடுத்து, ஏறி, சரிந்து, நின்றது. என்ஜின் அணைந்தது.

காலையிலிருந்து காதில் இருந்த சத்தம் நின்றுபோனதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், டீச்சருக்கு அதுதான் பயமாக இருந்தது. மூன்று பேருக்கும் அடி ஒன்றுமில்லை. பெரியவரின் கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. அவள் அழுதாள். அழுகை தானாக வந்தது.

சின்னவர் இறங்கிப் பின்பக்கம் போனார். சக்கரத்தின் நடுவில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் உதறினார். உள்ளங்கை சிவந்துவிட்டது. அந்தக் கையோடு ஓட்டமும் நடையுமாக முன்பக்கம் வந்தார்.

"மணிக்கு ஒரு தடவ கை வெச்சுப் பாருன்னு சொன்னேனா இல்லயா?"

இதை அவர் டீச்சரைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் இறங்கி வந்தார்.

"யாருடா சொன்னது? முடிஞ்சா ஒரு பார்வ பாருன்னுதான் வந்துச்சு."

"பார்வயா? கை வைக்கணும், சுட்டா நகரக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி விட்டேன்."

"ஒரு வார்த்த வரல எனக்கு. வந்திருந்தா நான் நிறுத்தாம போவேனா? முப்பது வருஷம் ஓட்டினவன்டா நான். வண்டி இழுக்குதுன்னு நான் சொல்லி விட்டேனே, அதுக்கு நீ என்ன செஞ்ச?"

"இழுக்குதா? நல்லாப் போகுதுன்னு சொன்னதா இல்ல வந்துச்சு."

"நல்லாப் போகுதுன்னு நான் ஏன்டா சொல்லப்போறேன்? நீ கேட்டேன்னுதானே நான் வந்ததே."

"நான் கேட்டேனா? நீயா வர்றேன்னு சொன்னதா இல்ல இவ..."

சின்னவர் அங்கே நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றவளைப் பார்த்தார்கள்.

இத்தனை வருஷமாக அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவள் வேண்டாத நாள் இல்லை. பேசிவிட்டார்கள்.

"சண்ட வரக் கூடாதுன்னுதான்..." என்றாள் டீச்சர்.

சின்னவர் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டு, "உயிர் போயிருக்கும். மூணு உயிர்" என்றார்.

பெரியவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். 'முடிஞ்சா' என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மறுபடி சொல்லிப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"அம்மா போன அன்னிக்கு நான் போன்ல சொல்லி அனுப்பினேனே. உனக்கு என்னன்னு வந்துச்சு?"

"அதையெல்லாம் எதுக்கு இப்ப..."

"என்னன்னு வந்துச்சுடா?"

"நீ முடிஞ்சா பாக்கச் சொன்னேன்னு" என்றார் சின்னவர். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

பெரியவர் டீச்சரிடம் வந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"நான் என்ன சொன்னேம்மா அன்னிக்கு?"

ஆயிரம் சேதிக்கு ஆயிரம் விதமாக வளைந்து கொடுத்த நாக்கு. இப்போது வளைக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும், எந்த வார்த்தையைச் சேர்த்தாலும், இனி யாரையும் காப்பாற்ற முடியாது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷனைப் பார்த்து நின்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சேதியை எழுத்துப் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"நான் வர்ற வரைக்கும் அம்மாவ எடுக்க வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லு. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கச் சொல்லு."

சின்னவர் அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"காத்திருந்திருப்பேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணனிடம் சொன்னாரா, அவளிடமா, போய்விட்ட அம்மாவிடமா என்று தெரியவில்லை.

பெரியவர் காக்கிச் சட்டையில் படிந்த தூசியைத் தட்டினார். வண்டியையோ அவளையோ பார்க்காமல் ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். உதவிக்கு ஆள் பார்க்கப் போகிறாரா, ஒரேயடியாகப் போகிறாரா என்று நடையை வைத்துச் சொல்ல முடியவில்லை. சின்னவர் அந்த முதுகையே பார்த்தார். பிறகு அவரும் எழுந்து பின்னால் நடந்தார்.

டீச்சர் ரோட்டோரத்தில் நாலு கல்லைப் பொறுக்கி வந்து சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். செய்வதற்கு அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் அண்ணன், இருபதடி பின்னால் தம்பி. வளைவு வருவதற்குள் அந்த இருபதடி குறைகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இரண்டு பேரும் வளைவில் மறைந்தார்கள். பேசிக்கொள்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டாள். சூடேறிய சக்கரம் ஆறுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

போகும்போது இரண்டு பேருமே அவளிடம் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை.